நம்மாளு சாகிற கேசட்

அவர் என் கடைக்குள் வந்தால் முதலில் இரண்டு கையையும் நீட்டிக் காட்டுவார். உள்ளங்கை ஒருமுறை, புறங்கை ஒருமுறை. பள்ளிக்கூடத்தில் நகம் பார்க்கிற டீச்சரிடம் காட்டுகிற மாதிரி. காசிமேட்டில் விசைப்படகு எஞ்சின் பிரிக்கிற கை அது. மண்ணெண்ணெயில் ஒரு கழுவு, துணி சோப்பில் ஒரு கழுவு, அப்புறம் வாசனை சோப்பில் ஒரு கழுவு. அப்படியும் நக இடுக்கில் கறுப்பு போகாது. நான் தலையாட்டிய பிறகுதான் கேசட் பையை மேஜைமேல் வைப்பார். போதும் அண்ணே, நான் என்ன கலெக்டரா, சும்மா உள்ளே வாங்க என்று எத்தனையோ தடவை எரிந்து விழுந்திருக்கிறேன். கேட்டால்தானே.

திருவொற்றியூர் தேரடிப் பக்கம் ஒரு மாடியில் கல்யாண வீடியோ எடிட்டிங் கடை வைத்திருந்தேன். சுனாமிக்கு முந்தைய சில வருஷங்கள். கேசட்டை விட்டுக் கம்ப்யூட்டருக்கு எல்லாரும் மாறிக்கொண்டிருந்த நேரம். ஒரு பொம்பளை தனியாக இந்தத் தொழில் பண்ணுகிறாளே என்று வேடிக்கை பார்க்கவே சிலர் மாடி ஏறி வருவார்கள். இவரையும் முதலில் அந்தக் கும்பல் என்றுதான் நினைத்தேன். வந்தவர் என்னைப் பார்க்கவே இல்லை, மெஷினைத்தான் பார்த்தார்.

"இங்க படத்த வெட்டுவீங்களா, ஒட்டுவீங்களா?" என்று கேட்டார்.

ரெண்டும் செய்வோம் என்றேன்.

"எனுக்கு ஒட்டணும்மா. வெட்றதுக்குத்தான் ஊரு பூரா ஆள் கீது."

அவர் ஒட்டச் சொன்னது மூன்று சினிமாக்களை. ஒரே கதாநாயகன், ஒரே விசைப்படகு டிரைவர் வேஷம், மூன்று படம். தமிழில் ஒரு படத்துக்கு இரண்டாம் பாகம் வருவதே அபூர்வமாக இருந்த காலத்தில் இதற்கு மூன்றாவதும் வந்தது. கடல், படகு, மீன் ஏலம் எல்லாம் இருந்ததால் எங்கள் பக்கத்தில் அவை கிட்டத்தட்ட சாமிப் படங்கள். படத்தின் பெயரையோ நடிகரின் பெயரையோ அவர் வாயால் சொல்லி நான் கேட்டதில்லை. மொதல்து, நடுவுல்து, கடைசி, அவ்வளவுதான். கதாநாயகன் எப்போதும் நம்மாளு. நானும் அப்படியே பழகிவிட்டேன்.

ஒரு படத்துக்கு இத்தனை உருவம் இருக்கும் என்று அவர் வந்துதான் எனக்குத் தெரியும். முதல் வாரம் ஓடியது ஒன்று. ஐம்பதாவது நாளில் ஒரு பாட்டைச் சேர்த்து ஓட்டியது ஒன்று. டூரிங் கொட்டகைக்குப் போகும்போது இரண்டு பாட்டும் பாதி காமெடியும் காணாமல் போனது இன்னொன்று. டிவியில் போட்டபோது ரத்தத்தை எடுத்துவிட்டார்கள். தெலுங்குக்குப் போனபோது நம்மாளுக்கு ஒரு தங்கச்சியைக் கூடுதலாகச் சேர்த்துவிட்டார்கள். கேபிள்காரர் ஓட்டியதில் படம் முழுக்கக் கீழே ஒரு ஜவுளிக்கடை விளம்பரம் ஊர்ந்துகொண்டே இருக்கும். அவருக்கு இது அத்தனையும் வேண்டும். எது எங்கே கூடுகிறது, எங்கே குறைகிறது என்று நீள நோட்டில் எழுதி வைப்பார். இப்போது நான் மீஞ்சூருக்குக் குடிவந்து, கடையையும் மூடிவிட்டேன். அந்த நோட்டில் ஒன்று என்னிடமே தங்கிவிட்டது. 'நாப்பதாவது நிமிசம், மீன் ஏலம், கெய்வி சிரிக்கிற ஷாட் இதுல மட்டும்' என்று பென்சிலில், ஒன்றோடொன்று இடிக்காத குண்டு எழுத்தில் இருக்கிறது.

அந்த ஜவுளிக்கடை விளம்பரத்தையாவது மறைத்துவிடலாமே, பார்க்கச் சகிக்கவில்லையே என்று ஒருநாள் கேட்டேன். அவருக்கு முகம் சுண்டிவிட்டது. அதுவும் அன்றைக்கு வந்ததுதானே, அதைப் பார்த்துக்கொண்டேதானே சனம் படம் பார்த்தது, நாம் யார் அதை எடுக்க என்றார். அந்த விளம்பரம் வருகிற கேசட்டை அப்படியே ஒரு தனி சிடியில் ஏற்றிக் கொடுத்தேன். ஜவுளிக்கடைக்காரரே அவ்வளவு பத்திரமாக வைத்திருக்க மாட்டார்.

இந்தப் பைத்தியம் என் தொழிலிலும் புகுந்தது. ஒரு கல்யாண வீட்டார் வந்து, பெண்ணின் அக்கா வருகிற இடத்தையெல்லாம் எடுத்துவிடச் சொன்னார்கள். அவள் யாரையோ இழுத்துக்கொண்டு ஓடினவளாம், அழைக்காமல் வந்து நின்றாளாம். நான் வெட்டிக்கொண்டிருந்தபோது இவர் பின்னால் நின்று பார்த்தார். வெட்டியதை என்ன செய்வாய் என்றார். அழித்துவிடுவேன், வேறென்ன, ஹார்ட் டிஸ்கில் இடமா கொட்டிக் கிடக்கிறது என்றேன். மறுநாள் நாலு புது கேசட்டோடு வந்து நின்றார். இனிமேல் வெட்டுகிறதையெல்லாம் இதில் ஏற்றி வை, யாரிடமும் சொல்லாதே என்றார். உங்களுக்கு வேற வேலை இல்லையா என்று கத்திவிட்டு, அவர் போனதும் ஏற்றி வைத்தேன். இரண்டு வருஷம் கழித்து அந்தப் பெண்ணின் அம்மா மாடி ஏறி வந்து, மூச்சு வாங்க உட்கார்ந்து, பெரியவள் வருகிற துண்டு எங்கேயாவது இருக்குமா என்று தயங்கித் தயங்கிக் கேட்டாள். சமாதானம் ஆகிவிட்டதாம். நான் எடுத்துக் கொடுத்தேன். அந்த அம்மா என் கையைப் பிடித்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள். அதை அவரிடம் சொன்னேன். பெருமைப்பட்டுக்கொள்வார் என்று பார்த்தால், "பாத்தியா" என்று மட்டும் சொல்லிவிட்டு ரீவைண்ட் பட்டனை அழுத்தினார்.

ஞாயிற்றுக்கிழமை மத்தியானங்களில் பழைய ரசிகர் மன்றத்து ஆட்கள் மூன்று நாலு பேர் வருவார்கள். எல்லாருக்கும் தொப்பை விழுந்துவிட்டது, ஒருவருக்குச் சர்க்கரை. ஆனால் நம்மாளு படகிலிருந்து குதிக்கிற இடம் வந்தால் விசில் அடிப்பார்கள். கொட்டகைக்குள் திருட்டுத்தனமாகக் கேமராவில் பிடித்த கேசட் ஒன்று இருந்தது. அதில் கூட்டத்து விசிலும் பதிவாகியிருக்கும். அது ஓடும்போது மட்டும் இவர் அவர்களை வாயைப் பொத்தச் சொல்வார். அதான் உள்ளேயே அடிக்கிறார்களே, நீங்க வேற ஏன் மேலே அடிச்சு கலீஜ் பண்றீங்க என்பார். பிரியாணிப் பொட்டலத்தைக்கூட சத்தம் வராமல் பிரிக்க வேண்டும்.

அவர்கள் சொல்லித்தான் அந்த முதல் நாள் கதை எனக்குத் தெரிந்தது. மூன்றாவது படம், முதல் நாள், பகல் காட்சி. கடைசி ரீலில் நம்மாளு செத்துப்போகிறார். புயலில் மாட்டிய இன்னொரு படகுக்காரர்களைக் கரை சேர்த்துவிட்டு அவர் போய்விடுகிறார். மறுநாள் உடல் ஒதுங்குகிறது, அம்மா ஓடிவந்து மேலே விழுகிறாள், படம் முடிந்தது. கொட்டகையில் நாற்காலி பறந்ததாம். மன்றச் செயலாளர் யார் என்றால், இவர்தான். ஆபரேட்டர் ரூமுக்கு ஏறி, மெஷினை நிறுத்த வைத்து, நம்மாளு உசுரோட வர்ற வரைக்கும் இந்தப் படம் இங்க ஓடாது என்று தொண்டை கிழியக் கத்தினாராம். பல ஊர்களில் இதே கூத்து. ஒரே வாரத்தில் புதிதாக நாலு நிமிஷம் எடுத்து அனுப்பினார்கள். அதில் பதினோராம் நாள் எங்கேயோ ஒரு குப்பத்தில் நம்மாளு கரையேறி, அம்மாவைப் பார்த்துச் சிரிப்பார். சாகிற துண்டை எல்லாக் கொட்டகையிலும் வெட்டிப் போட்டார்கள். மன்றத்தின் சார்பில் தெருத்தெருவாக லட்டு கொடுத்தார்கள்.

இதைச் சொல்லி அவர்கள் சிரித்தபோது இவர் சிரிக்கவில்லை. தலையைக் குனிந்து கேசட் உறையைத் துடைத்துக்கொண்டிருந்தார். எல்லாரும் போன பிறகு, அந்தச் சாகிற துண்டுதான் எனக்கு வேண்டும், அதைத்தான் இத்தனை நாளாகத் தேடுகிறேன் என்றார். நீங்களே கத்தி வெட்ட வைத்துவிட்டு நீங்களே தேடுகிறீர்களா, நல்லா இருக்கே நியாயம் என்று நான் கேலி செய்தேன். அப்போது முழுதும் தெரியாது எனக்கு. தெரிந்திருந்தால் வாயை மூடிக்கொண்டிருப்பேன்.

அவருக்கு ஒரு தோஸ்து. மன்றத்துப் போர்டெல்லாம் எழுதுகிறவர், பிழைப்புக்குப் படகில் போகிறவர், முகத்துவாரக்குப்பத்து ஆள். அவர் என் கடைக்கு வருவதற்கு முன்பே, ஒரு காற்றில் தோஸ்து போன படகு கவிழ்ந்தது. மற்றவர்களைக் காப்பாற்றிக் கொண்டுவந்தார்கள். தோஸ்து மட்டும் கிடைக்கவில்லை, உடலும் கிடைக்கவில்லை. அடுத்த மாதம் மன்றத்தின் ஆண்டு விழா வந்தது. குப்பம் சோகமாக இருக்கிறதே, தோஸ்துக்குப் பிடித்த படத்தை அவர் தெருவிலேயே போடலாம் என்று இவர்தான் சொன்னார். வெள்ளைத் துணி கட்டி, மூன்றாவது படத்தைப் போட்டார்கள். தோஸ்தின் அம்மாவுக்கு முன்வரிசையில் நாற்காலி போட்டு உட்கார வைத்தார்கள். பதினோராம் நாள் நம்மாளு கரையேறிச் சிரித்தார். அந்த அம்மாவும் சிரித்தாள். என் பிள்ளையும் வேறு ஏதாவது குப்பத்தில் ஏறியிருப்பான் என்று எழுந்து நின்று எல்லாருக்கும் கேட்கிற மாதிரி சொன்னாள்.

அன்றையிலிருந்து அவளை அசைக்க முடியவில்லை. கருமாதி செய்யக் கூடாது என்றாள். தினமும் ஒரு ஆள் சோறு கூடுதலாக வடித்தாள். பழவேற்காடு வரைக்கும் ஒவ்வொரு குப்பமாகப் போய் விசாரித்தாள். ஊர்ப் பெரியவர்கள் வந்து பேசினாலும், படத்துலயே வந்தானே என்பாள். மருமகள் இறால் கம்பெனியில் தோலுரிக்கிற வேலைக்குப் போய்க்கொண்டிருந்தாள். தாலியை வைத்துக்கொள்வதா கழற்றுவதா என்று தெரியாமல், யாரிடமும் வாய்விட்டு அழவும் முடியாமல் இருந்தாள். அவள் வேலைக்குப் போன நேரம் பார்த்து மாமியார் கிளம்பி, உச்சி வெயிலில் முகத்துவாரத்து மணலில் போய் உட்கார்ந்துவிடுவாள். ஒருநாள் அங்கேயே சுருண்டு விழுந்து கிடந்தாள். எதேச்சையாக அந்தப் பக்கம் போன இவர்தான் தூக்கிக்கொண்டு ஆஸ்பத்திரிக்கு ஓடியிருக்கிறார். இன்னொரு தடவை இப்படி விழுந்தால் பிழைக்க மாட்டாள் என்று டாக்டர் சொல்லிவிட்டாராம்.

"அன்னிக்குக் கொட்டாயில நா கத்தாம இருந்திருந்தா, அந்தம்மா இந்நேரம் அய்து முட்ச்சிருக்கும்மா" என்றார் என்னிடம்.

படத்தைப் பார்த்ததாலா ஒருத்தி இப்படி ஆனாள், அவளுக்கு நம்ப வேண்டியிருந்தது நம்பினாள், நீங்க ஏன் தலையில் போட்டுக்கொள்கிறீர்கள் என்று சொல்லிப் பார்த்தேன். மண்டையை ஆட்டிக் கேட்டுக்கொண்டார். ஒரு சொல்லும் உள்ளே போகவில்லை என்று முகத்திலேயே தெரிந்தது.

அவர் கணக்கு ஒன்றுதான். வெளிநாட்டுக்குப் போகிற படப்பெட்டி ரிலீசுக்கு முன்பே கிளம்பியிருக்கும், அங்கே போய் யாரும் வெட்டியிருக்க மாட்டார்கள். துறைமுகத்தில் கப்பலுக்குப் போகிறவர், வருகிறவர் எல்லாரிடமும் சொல்லி வைத்தார். கொழும்பிலிருந்து ஒன்று வந்தது, சிங்கப்பூரிலிருந்து இரண்டு வந்தன. ஒவ்வொன்றையும் கை கழுவிக் காட்டிவிட்டுப் போடுவார். கடைசிவரை இமைக்காமல் பார்ப்பார். கடைசியில், "இதுவும் சிரிக்குதும்மா" என்று சொல்லிவிட்டு நோட்டில் எழுதிக்கொள்வார். அந்தக் குரலைக் கேட்க எனக்குப் பேஜாராக இருக்கும். டீ வாங்கி வரச் சொல்லி வெளியே அனுப்பிவிடுவேன்.

மலேசியாவிலிருந்து ஒரு கப்பல் சமையல்காரர் கொண்டுவந்த கேசட் பூஞ்சை பிடித்து வெள்ளை வெள்ளையாக இருந்தது. இதை என் டெக்கில் போட்டால் ஹெட் போய்விடும், போடவே மாட்டேன் என்று சண்டை போட்டேன். அவர் பர்மா பஜாரில் ஒரு பழைய டெக்கைப் பிடித்து வந்தார். கேசட்டைப் பிரித்து, ஸ்பிரிட்டில் பஞ்சை நனைத்து, டேப்பை முழம் முழமாகத் துடைத்தார். நாலு ஞாயிற்றுக்கிழமை ஆனது. அத்தனை பெரிய எஞ்சினைப் புரட்டிப் போடுகிற கை, குழந்தைக்குக் காது குடைகிற மாதிரி வேலை செய்தது. எனக்கு அவர்மேல் வந்த பாசம் முழுதும் அந்த நாலு வாரத்தில் வந்ததுதான்.

ஓடவிட்டோம். படம் கோடு கோடாக ஆடியது. கீழே மலாய் எழுத்து ஓடியது. புயல் வந்தது, நம்மாளு போனார், விடிந்தது, உடல் ஒதுங்கியது. அம்மா வந்து விழுந்தாள். திரை கறுப்பானது. "சிரிக்கல" என்றார் அவர். நான் அழுதுகொண்டிருந்தேன். முடிவை எழுதிக்கொள்ள அவர் நோட்டை எடுக்கவே இல்லை.

காட்டுவதா வேண்டாமா என்று அதன் பிறகுதான் அவருக்குத் தயக்கம் வந்தது. மருமகளிடம் போய்க் கேட்டார். நாங்க சொல்லிக் கேட்கல, படமாச்சும் சொல்லட்டும், காட்டுங்கண்ணே என்று அவள் சொல்லிவிட்டாள். அப்புறமும், உடலின் முகம் கிட்டத்தில் தெரிகிற ஷாட்டை மட்டும் எடுத்துவிடலாமா என்று என்னிடம் வந்தார். சரி என்று எடுத்தேன். மறுநாள் வந்து, வேண்டாம், திரும்ப வை என்றார். வைத்தேன். அம்மா அலறுகிற சத்தத்தையாவது குறை என்றார், குறைத்தேன். ஷட்டர் போடுகிற நேரம் திரும்ப வந்து நின்றார்.

"இருந்தது இருந்தா மாரியே போட்டுடும்மா. வெட்டி வெட்டித்தான் இங்க வந்து நிக்கிறோம்" என்றார்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் ஷேர் ஆட்டோவில் டிவியையும் சிடி பிளேயரையும் மடியில் வைத்துக்கொண்டு போனோம். தனியாகப் போய்ப் போட என்னால் ஆகாது, நீயும் வா என்று கூப்பிட்டிருந்தார். அந்த அம்மா எங்களைப் பார்த்ததும் சந்தோஷப்பட்டாள். பிள்ளைக்குப் பிடித்த படம் என்று அக்கம்பக்கத்திலும் சொன்னாள். ஒல்லியாக, கழுத்தெலும்பு துருத்திக்கொண்டு, காலெல்லாம் வெயில் தின்று கறுத்திருந்தாள். முதல் பாதி முழுக்கக் காமெடிக்குச் சிரித்தாள். மீன் ஏலத்தில் கிழவி சிரிக்கிற ஷாட் வந்தபோது, இது அன்றைக்கு வரவில்லையே என்று சரியாகப் பிடித்தாள். அவர் என்னைப் பார்த்தார். மருமகள் சுவரோரமாக முட்டியைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

கடைசி சிடியைப் போட்டார். புயல் முடிந்தது. அந்த அம்மா கரையேறுகிற இடத்துக்காக முன்னால் நகர்ந்து உட்கார்ந்தாள். உடல் ஒதுங்கியது. ஒருமுறை என்னைத் திரும்பிப் பார்த்துவிட்டு மறுபடி டிவியைப் பார்த்தாள். திரையில் இருந்த அம்மா ஓடிவந்து மேலே விழுந்தாள். படம் நின்று, டிவி நீலமாகிவிட்டது.

"அப்புறம்?" என்றாள்.

அவர் கையைக் கூப்பிக்கொண்டு அவள் முன்னால் உட்கார்ந்திருந்தார்.

"அவ்ளோதாம்மா. மொதல்ல வந்தது இதான். நா கத்தித்தான் மாத்த வெச்சேன். அவன் வர்றது நாங்களா சேத்ததும்மா."

அவள் அதைக் காதில் வாங்கினாளா என்று தெரியவில்லை. நீலத் திரையையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அந்தம்மா அப்புறம் இன்னா பண்ணிச்சு நைனா?"

அவரிடம் அந்தப் படம் ஏழு விதமாக இருந்தது. ஒன்றில்கூட அது இல்லை. என்னைப் பார்த்தார்.

"அத்த எடுக்கலம்மா" என்றார்.

"எடுக்கலியா" என்றாள். சேலைத் தலைப்பை உதறிச் செருகிக்கொண்டு, சுவரைப் பிடித்து எழுந்தாள். அடுப்பு மேடைக்குப் போய், எடுத்து வைத்திருந்த அந்தக் கூடுதல் சோற்றின் மூடியைத் திறந்து பார்த்தாள். மறுபடி மூடினாள். மருமகள் பக்கம் திரும்பினாள்.

"ரெண்டு கொடம் தண்ணி எடுத்து வையி. அவனுக்குத் தல முய்கணும்."

மருமகள் முட்டியில் முகத்தைப் புதைத்துக்கொண்டாள். அவர்தான் எழுந்து குடங்களை எடுத்துக்கொண்டு தெருவிலிருந்த கைப்பம்புக்குப் போனார். நான் வாசற்படியில் நின்றேன். உள்ளே மாமியாரும் மருமகளும் ஒருத்தியை ஒருத்தி கட்டிக்கொண்டு பெரிதாக அழுகிற சத்தம் வந்தது. அக்கம்பக்கத்துப் பெண்கள் ஒவ்வொருவராக முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு உள்ளே போனார்கள். அவர் நடுத்தெருவில் யாருக்கும் வெட்கப்படாமல் அழுதுகொண்டே பம்பை அடித்தார். முதல் குடம் நிறைந்ததும் அதை நகர்த்திவிட்டு அடுத்ததை வைத்தார்.